நேற்றைப் போலவே இன்றும்

ஒன்றரை வருடமாக அந்த நகரத்தில் ஒரே நாளின் வானிலைதான் இருந்தது: முப்பத்திரண்டு டிகிரி, மேற்கிலிருந்து லேசான காற்று, மழை இல்லை. இதற்குக் காரணம் பல்கலைக்கழகத்தின் வானிலைப் பேராசிரியர். காலை முன்னறிவிப்பை மாணவர்கள் எழுத வேண்டும், அவர் திருத்திக் கையெழுத்துப் போட்டு வானொலிக்கு அனுப்ப வேண்டும். அங்கே அதுதான் பயிற்சி. "முந்தின நாள் அறிக்கையைப் பாத்து எழுதுறவன் வேற வேலை தேடிக்கலாம்" என்று முதல் வகுப்பிலேயே முழங்குகிறவர், மாணவர்கள் விடுமுறையில் இருந்த ஒருநாள், பல்வலி தாங்காமல், முந்தின நாள் அறிக்கையில் தேதியை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டார். வானமும் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டது. மறுநாளும் அப்படியே. பல்லைப் பிடுங்கியாயிற்று, வலி போயிற்று, பழக்கம் போகவில்லை. விடுமுறை முடிந்து வந்த மாணவர்கள் எதை எழுதினாலும் அடித்துத் திருத்தி நேற்றைய நாளையே எழுதினார். பிள்ளைகள் விவரமானவர்கள், சார் எதற்கு மார்க் போடுகிறார் என்று ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். ஒரு முன்னறிவிப்புகூடப் பிசகாத ஒரே துறை என்று வாசலில் பலகை மாட்டினார்கள். அங்கே படித்துப் பட்டம் வாங்கி வெளியூர்களுக்கு வேலைக்குப் போனவர்கள், முதல் மழைக்கே வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

ஒருத்தி மட்டும் மசியவில்லை. காய்ந்த நகரத்தில் தினமும் குடையோடு வருவதால் அவளுக்குக் குடை என்றே பெயர். காலையில் மாடியிலிருந்து கருவி கட்டிப் பறக்கவிடும் பலூன் என்ன சொல்கிறதோ அதைத்தான் எழுதுவாள். நகரத்தின் எல்லைக்கு வெளியே மழைமேகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்பது ரேடாரிலும் தெரிந்தது, ரேஷன் கடை வரிசை மாதிரி. தேர்விலும் "கனமழை" என்று எழுதினாள். மழை வரவில்லை, பேராசிரியர் முட்டை போட்டார். அடுத்த தேர்விலும் கனமழை, மறுபடியும் முட்டை. "சார், மேகமெல்லாம் எதுக்கோ காத்துக்கிட்டு நிக்குது" என்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதுபோல ரேடார் திரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். ஏரி வற்றிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு தடவை, அறிக்கையின் கடைசி வரியை மட்டும் மாற்றிப் பார்க்கலாமா என்று பேனாவைத் திறந்தார். மழை வந்துவிட்டால் இத்தனை நாள் அதை நிறுத்தி வைத்தது யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே. பேனாவை மூடினார்.

மூன்றாவது தேர்வுக்கு முன்னால் குடையின் அம்மா மகளையும் கூட்டிக்கொண்டு வகுப்புக்கே வந்தாள். துணிக்கடையில் வேலை பார்ப்பவள். அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். "நான் சண்டை போட வரலை சார். படிப்பை நிறுத்திடலாம்னு இருக்கோம். இவளுக்கு இதுக்கான மூளை இல்லைன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிடுங்க, மனசு ஆறிடும். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். குடை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைத்தானே அவள் நம்பாமல் போய்விட்டாள் என்பது அந்தக் குனிந்த தலையில் தெரிந்தது. திட்டியிருந்தால் பேராசிரியர் சமாளித்திருப்பார். அந்த அம்மா கும்பிட்டாள். அவமானத்தில் அவருக்குக் காது மடல் வரை கொதித்தது.

"மூளை இல்லாதது எனக்குத்தாம்மா" என்று தொடங்கி, பல்வலியிலிருந்து பலகை வரைக்கும் முழு வகுப்பின் முன்னால் ஒன்று விடாமல் சொன்னார். யாரும் திட்டவில்லை. பின்வரிசையில் ஒருவன், "அப்போ எங்க பட்டமெல்லாம்?" என்று கேட்டான். பேராசிரியர் குடையிடம் பேனாவைக் கொடுத்தார். அவள் மறுபடியும் "கனமழை" என்றே எழுதினாள், இந்த முறை அவர் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாமல் கையெழுத்துப் போட்டார். மாலைக்குள் மேகங்கள் நகரத்துக்குள் நுழைந்தன. ஒன்றரை வருடத்து மழை ஒரு வாரம் கொட்டியது. குடை மூன்று தேர்விலும் தேறி, துறைமுக நிலையத்தில் முன்னறிவிப்பாளராகச் சேர்ந்தாள். அவள் சொன்னால்தான் படகுகள் கிளம்பும் என்கிறார்கள்.

பேராசிரியரின் வீட்டுக்கு மேல் மட்டும் மழை பெய்யவில்லை. அங்கே இன்றுவரை அதே முப்பத்திரண்டு டிகிரி, அதே மேற்குக் காற்று. முதலில் அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தார். மழைக்காலத்தின் இரண்டாவது வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஈரத்துணி வாளியோடு கேட்டில் வந்து நின்றாள். பிறகு எதிர்வீடு, பிறகு தெருவே வந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். ஊராரின் போர்வைகளுக்கும் பள்ளிச் சீருடைகளுக்கும் நடுவே அவர் தலையைக் குனிந்து குனிந்துதான் வாசலுக்கு வர வேண்டியிருக்கிறது. "சும்மா நிக்காம இன்னும் நாலு கொடி கட்டுங்க, மேலத்தெருவும் வராங்களாம்" என்றாள் மனைவி. அவர் கயிறு வாங்கக் கிளம்பினார்.