சுனைமேல் ஹெலிகாப்டர்: ஓர் ஆட்சேபணை மனு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டா நகலுக்காக ஓர் அலுவலகத்தில் காத்துக் கிடந்தபோது, மேசைமேல் பிரிந்து கிடந்த பழைய கோப்பில் ஒரு வரி கண்ணில் பட்டது: 'தண்டோரா போடப்பட்டது. ஆட்சேபணை எதுவும் வரவில்லை.' எந்த ஊர், எதற்காகத் தண்டோரா, ஒன்றும் தெரியாது. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவ்வளவு சுளுவாக எழுதிவிட்டுப் போயிருக்கிறான்! மீதியெல்லாம் நானாகச் செய்தது.

காஞ்சிபுரத்துக்கு மலை ஏது என்று கேட்பீர்கள். அய்யம்பேட்டையைத் தாண்டி, வாலாஜாபாத் போகும் வழியில் நானே ஒரு மலையை வைத்தேன். உச்சியில் ஒரு சுனை. அடிவாரத்தில் ஒரு நெசவுத் தெரு. தெருக் கிணறுகள் அத்தனையும் உப்பு. குடிக்கவும் பட்டுக்குச் சாயம் தோய்க்கவும் அந்தச் சுனைத் தண்ணீர்தான். 1974-இல் மேலிடத்து விருந்தினர் ஒருவர், கோயில் கோபுரங்களை மலைமேலிருந்து பார்க்க ஆசைப்படுகிறார். கார் ஏறாது. ஹெலிகாப்டர் இறங்கச் சமதளம் வேண்டும். சுனையில் சரளையைக் கொட்டி மூடினால் சமதளம் கிடைத்துவிடும்.

அரை மணி நேரம் வேடிக்கை பார்க்க!

(மலையில் ஹெலிகாப்டர் இறங்க அனுமதி தருமுன், தண்ணீருக்கும் மரத்துக்கும் ஆடுமாட்டுக்கும் கேடு உண்டா என்று அடிவாரத்து ஜனங்களைத் தண்டோரா போட்டுக் கேட்க வேண்டும், ஏழு நாள் தவணை. இது என் கதையின் விதி. சட்டப் புத்தகத்தில் தேடி அலையாதீர்கள்.)

2

'குன்றின்மேல் மேகங்கள் தவழ்ந்த வேளையில்...' அடித்துவிட்டேன். மேகத்துக்கு இங்கே என்ன வேலை?

'அம்சவேணி ஓர் ஏழை நெசவாளியின் மனைவி...' இதுவும் வேண்டாம். உடனே இரக்கப்பட ஆரம்பித்துவிடுவீர்கள்.

அம்சவேணி குடத்தோடு மேலே ஏறி வந்தபோது சுனையைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. இது இருக்கட்டும். டேப்பு பிடித்துக்கொண்டிருந்த ஆள் சொன்னான்: "எலிகாப்டர் எறங்கப் போவுதும்மா. திங்கக்கெழம லாரி வந்து மூடிடும்."

அவள் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு இறங்கி, அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் தாலுகா ஆபீசுக்குப் போனாள்.

3

குமாஸ்தா துரைக்கண்ணு கெட்டவர் இல்லை. கோப்பைப் பார்த்துத்தான் பேசினார்.

"யாரக் கேட்டு சார் எங்க சுனைய மூடறீங்க?"

"ஒங்களத்தாம்மா கேட்டோம். போன அமாவாசையன்னிக்கு ஒங்க தெருவுல தண்டோரா. ஏழு நாளாச்சு, ஒருத்தரும் வாயத் தொறக்கல."

"எங்க தெருவுக்குள்ள யாரும் வர்ல சார்."

"வர்லன்னா எழுதிக் குடு. தலையாரி தர்மன் போடாமலே போட்டேன்னு கைநாட்டு வெச்சிட்டான்னு எழுது. அனுமதி நின்னுடும். அவன் வேலையும் போய்டும், அது வேற. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள குடுத்துடும்மா. அப்பறம் ஆபீசு லீவு."

இந்த இடம்வரை என் பேனா நிற்கவேயில்லை. ஆபீசைத் திட்டினேன், விருந்தினரைத் திட்டினேன், தர்மனையும் நாலு வரி திட்டினேன். (அவற்றை எடுத்துவிட்டேன். ஏன் என்று இனிமேல் உங்களுக்கே தெரியும்.)

4

அம்சவேணி சேரி முனைக்குப் போய் நின்று கூப்பிட்டாள். தர்மன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

('வந்தான்' என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். அவருக்கு ஐம்பது வயது. நானும் அப்படி ஒரு நெசவுத் தெருவில் வளர்ந்தவன்.)

"ஏன் தர்மா, எங்க தெருவுல தண்டோரா போட்டியா?"

"போட்டம்மா. முனையில நின்னு போட்டேன்."

"முனையில நின்னு போட்டா கோடி வூட்டுக்கு எப்டி கேக்கும்?"

"உள்ள பாவு நீட்டிக்கினு இருந்தாங்கம்மா. அதான்."

பாவு என்றால் சேலையின் நீள இழைகள். காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சீர் செய்வார்கள். பத்துப் பேர் பிடிக்க வேண்டும். குறுக்கே யாரும் போகக் கூடாது. இங்கே எனக்கு ஒரே சந்தோஷம். பட்டுக்கு மரியாதை கொடுத்து ஒருவர் ஒதுங்கி நிற்க, அந்த மரியாதையாலேயே ஒரு தெரு தண்ணீரை இழக்கிறது! எவ்வளவு அழகு! இரண்டு பக்கம் உருகி உருகி எழுதினேன்.

அம்சவேணி அதைக் கெடுத்தாள்.

"அமாவாசைக்குத் தறியே ஓடாதே தர்மா. பாவு ஏது?"

தர்மன் தரையைப் பார்த்தார்.

"ஒங்க மனசு நோவக் கூடாதுன்னு சொன்னம்மா. பாவு இருந்தாலும் இல்லாங்காட்டியும் நான் எப்பம்மா உள்ள வந்திருக்கேன்?"

அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.

5

வீட்டில் அவள் புருஷன் கலியாணசுந்தரம் தெளிவாக இருந்தான்.

"தர்மன் போடலன்னே எழுதிடு."

"போட்டாருயா. முனையில நின்னு போட்டாரு."

"போட்டாராமே! நாங்கதான் உள்ள வுடறதில்லன்னு எழுதிக் குடேன். போலீசு வந்து தெருவையே அள்ளிக்கினு போவட்டும். நாளைக்கு நம்ம பாவு புடிக்க எவன் வருவான்? பொழப்பு வேணாமா?"

பிழைப்பைப் பற்றி அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

தர்மன்மேல் பழியைப் போட்டு எழுதுகிறாள். சுனை பிழைக்கிறது. தெருவே கொண்டாடுகிறது. தர்மன் தலையாரி வேலைக்குத் தந்த பித்தளை வில்லையைக் கழற்றிக் குமாஸ்தா மேசையில் வைக்கிறார். அதிகாரம் தோற்றது என்று நீங்களும் கைதட்டுவீர்கள். எனக்குக் குமட்டுகிறது.

உள்ளதை எழுதுகிறாள். சுனை பிழைக்கலாம். அவள் வீட்டுப் பாவைப் பிடிக்க ஒரு கை வராது.

ஒன்றும் எழுதாமல் இருக்கிறாள். திங்கட்கிழமை லாரி...

ஹெலிகாப்டரைப் பாதி வழியில் பழுதாக்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். வெட்கக்கேடு.

7

மறுநாள் பதினொன்றரை மணி. தாலுகா ஆபீசு பெஞ்சில் அம்சவேணி. முழங்கால்மேல் வெள்ளைத்தாள். ஐந்தாவது வரை படித்தவள், கையெழுத்து குண்டு குண்டாக இருக்கிறது.

'ஐயா, எங்கள் தெருவுக்குள் தண்டோரா வரவில்லை. ஏனென்றால்'

"என்னம்மா, அதோட நின்னுட்டே?" துரைக்கண்ணு கை நீட்டுகிறார். "மணியாவுது, குடு."

அவள் என்னைப் பார்க்கிறாள். நான் முடித்துத் தர மாட்டேன். தாளுக்குள் நின்று யாரையும் எதிர்த்துவிடலாம், எனக்கு ஒரு செலவும் இல்லை. மை காய்வதற்குள் நீங்கள் முடியுங்கள். அவள் தெருவை விட்டுவிடுங்கள். நீங்கள் குடியிருக்கும் தெருவின் பெயரைப் போட்டு, அங்கே இன்றுவரை யார் உள்ளே வரவில்லை, ஏன் வரவில்லை என்று எழுதி, கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.