பத்து நிமிடம் திறக்க வேண்டாம்

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தத் தடவ சோறு வேகல. நறுக்கு நறுக்குன்னு கடிச்சித்தான் சாப்பிட்டோம்" என்று ஜோனத்தான் சொன்னபோது, என் மனைவி மெஹர் பானு அவனுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். டீ சாஸரில் சிந்தியது. அவள் கைக்கு அது வழக்கமில்லை.

ஜோனத்தானும் அவன் அக்கா ஹெப்சியும் பொத்தேரிக் கல்லூரிப் பிள்ளைகளை மலையேற அழைத்துப் போகிறவர்கள். அந்தக் கூட்டத்துக்குச் சாப்பாடு எங்கள் பீர்க்கன்கரணை வீட்டிலிருந்துதான் போகிறது. குஸ்கா, தால்சா, கொத்துக்கறி என்று சமைத்து, உலர்த்தும் பெட்டியில் கலகலவென்று காயவைத்து, சில்வர் கவரில் போட்டு மெஹர் ஒட்டிவிடுவாள். மலைமேல் வெந்நீர் ஊற்றி மூடிவைத்தால் மறுபடியும் சோறு. கவர் மட்டும் என் சரக்கு. தாம்பரம் மார்க்கெட்டில் எனக்குக் கவர் கடை. மலைக்கும் முஸ்தபாவாகிய எனக்கும் அவ்வளவுதான் சம்பந்தம். ரயில்வே மேம்பாலம் ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கி அல்லாஹ் ஞாபகம் வந்துவிடும்.

நான் சும்மா இருப்பேனா? "இன்னா தம்பி பேசற? வூட்ல ஊறவச்சி, தின்னு பாத்துதான அனுப்பறா?" என்று எகிறினேன்.

"இங்க நல்லாத்தான் வரும் அங்கிள். மேல போகப் போகத் தண்ணி சீக்கிரமே கொதிச்சிடும், ஆனா இங்க இருக்கற சூடு அதுல இருக்காது. காத்து வேற. இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா கம்பெனி பாக்கெட் வாங்கலாம்னு பசங்க சொல்றாங்க" என்றான் பாவம், தலையைக் குனிந்துகொண்டு.

அவன் போன பிறகு மெஹர் காய்ந்த பருக்கைகளை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, "மேல போய்ப் பாத்தாத்தான் தெரியும்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

"அதுக்கின்னா, அடுத்த வாரம் நான் போய்ட்டு வரேன்" என்றேன். எப்பேர்ப்பட்ட தியாகம் பாருங்கள்! மறுநாள் என் பனியன், தைலம், மங்கி குல்லா எல்லாவற்றையும் ஒரு பையில் மடித்து வைத்திருந்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அந்த அமைதிதான் பேஜார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மதியம் நான் கடையிலிருந்து சாப்பிட வந்தபோது ஒரு பொட்டணத்தில் வெந்நீர் ஊற்றி மூடிவிட்டு, சமையலறை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இது அவளுடைய வழக்கம். பத்து நிமிடம் ஊறவேண்டும். நான் பாதியிலேயே கவரைப் பிரிக்கப் போவேன், அவள் என் கையில் ஒன்று போடுவாள், இது எங்கள் வழக்கம். அன்று எனக்குப் பிரிக்க மனசில்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஏரி. அதற்கு அப்பால் வண்டலூர்க் குன்று வெயிலில் பாதி கரைந்து நின்றது.

"கண்ணத் தொறந்துகினே தூங்கறியா?" என்றேன்.

"இப்ப காத்து மாறும்" என்றாள். "கல்லு அடுக்கி அடுப்ப மறைப்பாங்க. ஹெப்சி கையத் தேச்சிகிட்டே ஆச்சா ஆச்சான்னு கேக்கும். அட்டை கடிச்ச எடத்துல உப்பு வச்சிகிட்டு ஒருத்தன் உக்காந்திருப்பான். கீழருந்து மேகம் வரும் மச்சான். கீழருந்து. நம்ம காலத் தாண்டித்தான் அது மேல போவும்."

சத்தியமாகச் சொல்கிறேன், மே மாத வெயிலில் எனக்குப் பாதம் சில்லிட்டது. ஜி.எஸ்.டி. ரோட்டு லாரிச் சத்தம் எங்கோ மரங்களுக்குள் அடிக்கும் காற்றைப் போலக் கேட்டது. பிள்ளைகள் சொன்ன கதைகளையெல்லாம் சேர்த்துவைத்து, இவள் ஒவ்வொரு பொட்டணத்தோடும் ஒருமுறை ஏறிவிட்டு வருகிறாள். 'சோறு ஆச்சா' என்று கேட்டுக் கேட்டு அவளைக் கீழே இறக்கியவன் நான்தான்.

"உனக்குப் போவணுமா மெஹரு?"

"போவணும்."

எனக்குப் பயமாக இருந்தது. வழுக்கி விழுவாள் என்பதெல்லாம் நானே சொல்லிக்கொள்ளும் சாக்கு. அங்கே பிடித்துப்போய், திரும்பி வந்த பிறகு இந்த ஜன்னலும் நானும் அவளுக்குப் போதாமல் போனால்? அதுதான் பயம். ஆனாலும் வாய் முந்திக்கொண்டது. "அப்ப நீயே போ."

அவள் எழுந்துபோய்ப் பையிலிருந்து என் பனியன்களை எடுத்து வெளியே வைத்தாள். மங்கி குல்லாவை மட்டும் எடுக்கவில்லை.

"அது உனக்குப் பெருசு."

"எனக்கில்ல, சோத்துக்கு. பொட்டணத்துக்குக் குல்லா போட்டா சூடு நிக்கும்ல?"

எனக்காக வைத்தாள் என்றல்லவா நினைத்திருந்தேன்! இருவரும் சிரித்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை பெருங்களத்தூரில் ஹெப்சியோடு பஸ் ஏற்றிவிட்டேன். மறுநாள் மதியம் போன் வந்தது. "இதுக்கு மேல டவர் இருக்காது மச்சான். மக்ரிப் நேரத்துல சமைக்கிறோம். உங்களுக்கும் ஒண்ணு மேசை மேல கீது, சாப்டுங்க." மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். குரல் சின்னப் பெண்ணின் குரலாக இருந்தது.

பொழுது சாய்ந்ததும் மக்ரிப் தொழுதுவிட்டு வந்து வெந்நீர் ஊற்றினேன். கவர்மேல் அவள் கையெழுத்து: 'பத்து நிமிடம் திறக்க வேண்டாம்.' துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஏரியின் மறுகரையில் விளக்குகள் வந்தன. குன்று வானத்தோடு கலந்துவிட்டது. எதுவரை மலை, எதிலிருந்து மேகம் என்று தெரியவில்லை. கவருக்குள்ளிருந்து பட்டையும் புதினாவும் மணத்தன. பசி வயிற்றைக் கிள்ளியது.

பத்து நிமிடம் ஆனது. கை தானாகத் துண்டை விலக்கியது.

மலைமேல் இன்னும் வெந்திருக்காது. துண்டை மறுபடி இழுத்து மூடினேன்.