சத்தமில்லாமல் விழுந்தவள்

நைட் ஷிப்ட் முடித்த ஆள் தூங்குகிற வீட்டை நெய்வேலியில் வாசலிலேயே அடையாளம் கண்டுவிடலாம். ஜன்னலில் கனத்த போர்வை தொங்கும். காலிங்பெல் சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். மீன்காரர்கூட அந்த வீட்டைத் தாண்டிப் போய்த்தான் குரல் கொடுப்பார்.

இசைப்பிரியா இந்த வித்தையில் கைதேர்ந்தவள். கணவன் அறிவுச்செல்வனுக்குச் சுரங்கத்தில், நிலக்கரியைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டின் ஆபரேட்டர் வேலை. அவன் காலையில் வந்து, குளித்து, சாப்பிட்டு ஏழரைக்குப் படுத்தால், பகல் இரண்டு மணி வரை அந்த குவார்ட்டர்ஸில் ஒரு சத்தம் எழும்பாது. அவன் வருவதற்கு முன்பே குக்கர் விசில் அடித்து ஓய்ந்திருக்கும். மிக்ஸிக்கு மூன்று மணிக்கு மேல்தான் வேலை. கல்யாணமான புதிதில், "தூக்கம் கெட்டா அன்னிக்கு ராத்திரி மிஷின்கிட்ட நிக்கவே பயமா இருக்கு" என்று அவன் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தான். அவன் மறந்துவிட்டான். அவள் மறக்கவில்லை.

2014 மே மாதம். அவளுக்கு ஏழாவது மாதம். அடுத்த வெள்ளிக்கிழமை வளைகாப்பு.

காலையில் தண்ணீர் வராதபோது குழாயைத் திறந்துவிட்டு மூட மறந்திருந்தாள். பதினொரு மணிக்குத் தண்ணீர் வந்தது. பாத்ரூமில் இருந்த இரும்பு வாளியில் அது தடதடவென்று விழுந்தது. ஐயோ, முழித்துக்கொள்வாரே! விளக்கைப் போடாமல் இருட்டில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஈரத்தில் கால் வழுக்கியது.

வலது கையை ஊன்றிக்கொண்டு பக்கவாட்டில் விழுந்தாள். மணிக்கட்டில் ஏதோ மளுக்கென்றது. வாய்வரை வந்த அலறலை, நைட்டியின் தோள்பக்கத்தைக் கடித்து விழுங்கினாள். பிறகு அவள் முதலில் செய்த காரியம், இடது கையை எட்டி நீட்டிக் குழாயை மூடியதுதான்.

அறைக்குள் குறட்டை சீராகக் கேட்டது. 'நல்லவேளை' என்று நினைத்துக்கொண்டாள்!

சுவரைப் பிடித்து மெல்ல நகர்ந்து சமையலறைக்கு வந்து, பின்கதவோரம் உட்கார்ந்தாள். மணி பதினொன்று பத்து. வயிற்றில் அடிபடவில்லை, இடுப்போரம்தான் தரையில் பட்டது. ரத்தப்போக்கும் இல்லை. கைதானே, இரண்டு மணிக்கு அவர் எழுந்ததும் சொன்னால் போகிறது.

மணிக்கட்டு பணியாரமாக உப்பிக்கொண்டிருந்தது. அந்த வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் தினமும் பத்தரைக்கு மேல் வயிற்றுக்குள் கபடி ஆடுகிற பிள்ளை, இன்று அசையவில்லை. இடது கையை வயிற்றில் வைத்து, "தங்கம், ஒரு ஒத உடேன்" என்று உதடு மட்டும் அசையக் கெஞ்சினாள். ஒன்றுமில்லை.

பதினொன்றரைக்குப் பின்கதவைத் தள்ளிக்கொண்டு, முருங்கைக்கீரையும் கையுமாக வந்தாள் பக்கத்து குவார்ட்டர்ஸ் இசக்கியம்மாள். திருநெல்வேலிக்காரி. கணவருக்குச் சுரங்க வேலை கிடைத்து இங்கே வந்து இருபது வருஷம் ஆகியும், குரல் மட்டும் இன்னும் தாமிரபரணிக் கரையிலேயே இருந்தது.

"ஏட்டி, என்ன இப்படி உக்காந்திருக்க? கை ஏன் இப்படி வீங்கிக் கெடக்கு?"

இசைப்பிரியா இடது கை ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்தாள். "ஸ்... அக்கா, மெதுவா. வுழுந்துட்டேன். அவரு தூங்கிகினு இருக்காரு."

இசக்கியம்மாள் ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு பிளாக் முழுக்க நைட் ஷிப்ட் பார்த்துத் தூங்கிய அத்தனை பேரும் எழுந்து உட்காரும்படி ஒரு சத்தம் போட்டாள்.

"ஏ அறிவு! எந்திரியும்! பொண்டாட்டி விழுந்து கெடக்கா, நீரு என்னய்யா குறட்டை விட்டுக்கிட்டு!"

லுங்கியை இறுக்கிக்கொண்டு ஓடிவந்தவன், மனைவியின் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான்.

"எப்ப வுழுந்த?"

"இப்பதாங்க... ஒரு இருபது நிமிஷம்."

"ஏன் கூப்புடல?"

"கொழந்த அசையலங்க" என்றாள். அதற்குமேல் அடக்க முடியாமல் அழுதுவிட்டாள்.

தெருமுனையில் நின்ற சிங்காரவேலின் ஆட்டோவில் அவளை ஏற்றினார்கள். ஒவ்வொரு வேகத்தடையிலும் முட்டைக் கூடையை இறக்குகிற மாதிரி வண்டியை இறக்கி ஏற்றினான் அவன். அறிவுச்செல்வன் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கையைத் தொடவே இல்லை. ஒரு அட்டையை வைத்துக் கட்டச் சொல்லிவிட்டு, முதலில் வயிற்றில் பெல்ட்டைச் சுற்றி, குழந்தையின் துடிப்பு கேட்கிற மெஷினைப் போட்டார். கொஞ்ச நேரம் கரகரவென்று இரைச்சல் மட்டும். இசைப்பிரியா கணவனின் விரல்களை நெரித்தாள். அப்புறம் வந்தது அந்தச் சத்தம். தட்தட், தட்தட், தட்தட்.

"நூத்தி நாப்பத்திரெண்டு. ஜோரா ஓடுது" என்றார் டாக்டரம்மா.

"கன்வேயர் ரோலர் மாதிரியே கேக்குது மேடம்" என்றான் அறிவுச்செல்வன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"உங்க புள்ளைதானே, வேற எப்படிக் கேக்கும்? ஏம்மா, விழுந்தா உடனே வர வேண்டாமா? வயித்துல அடிபடலைன்னு நீயா முடிவு பண்ணக் கூடாது. விழுந்த அதிர்ச்சியிலேயே நஞ்சுக்கொடி விட்டுப்போகலாம். வெளியே ஒண்ணும் தெரியாது."

ஸ்கேனில் நஞ்சுக்கொடி பத்திரமாக இருந்தது. ரத்தக் கசிவு இல்லை. கைக்கு எக்ஸ்ரே என்றதும் இசைப்பிரியா பிடிவாதமாகத் தலையாட்டினாள். கை கோணலாகவே இருந்துவிட்டுப் போகட்டும், பிள்ளைக்கு ஆகாது என்றாள்.

"படம் எடுக்கிறது மணிக்கட்டை. வயித்துக்கு ஈயக் கவசம் போட்டு மூடுவோம். புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. கை சேராம போனா நாளைக்குப் புள்ளையைத் தூக்கப்போறது யாரு?"

இசைப்பிரியா கையை நீட்டினாள். படம் எடுத்தார்கள். எலும்பில் விரிசல், ஐந்து வாரம் மாவுக்கட்டு. ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், வயிற்று வலியோ கசிவோ வந்தால் உடனே சொல்ல வேண்டும். மாலை நாலரைக்கு, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தபோது, விலா எலும்பில் நச்சென்று ஒரு உதை விழுந்தது.

"அம்மா!" என்று கத்தினாள். வார்டே திரும்பிப் பார்த்தது. "கொழந்த ஒதைச்சிடுச்சிங்க!"

மறுநாள் வடலூரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினாள் அவள் அம்மா சின்னம்மாள். மாவுக்கட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "எங்க பக்கத்துல எண்ணெக்கட்டு போடறவரு ஒருத்தரு இருக்காரு. இத்தப் பிரிச்சிட்டு..."

"பிரிச்சீங்கன்னா நான் சுரங்கத்துலயே போய்ப் படுத்துக்கறேன் அத்தை" என்றான் மாப்பிள்ளை. அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

வளைகாப்பு குறித்த நாளிலேயே நடந்தது. சின்னம்மாளுக்குத்தான் மனசு ஆறவில்லை. "வலது கை மூளியா இருந்தா நாலு பேரு என்ன சொல்வாங்க?"

"ரெண்டு கைக்கும் உள்ளதை ஒத்தக் கையிலேயே ஏத்திட்டாப் போச்சு" என்றாள் இசக்கியம்மாள். "மாவுக்கட்டுக்குச் சந்தனம் பூசுங்க, அது பாட்டுக்கு ஜொலிக்கும்." அப்படியே செய்தார்கள். முழங்கைவரை ஏறிய இடது கை வளையல்களைப் பார்த்து, "டிராபிக் போலீஸ் மாதிரி இருக்கே" என்று இசக்கியம்மாளே கேலியும் செய்தாள்.

சாப்பாட்டை ஒருவேளை சின்னம்மாள் ஊட்டினாள், மறுவேளை அறிவுச்செல்வன் ஊட்டினான். சாப்பிட்டபின் இடது பக்கம் படுத்து, அசைவுகளை எண்ண வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வர வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டது அறிவுச்செல்வன்தான். பெரும்பாலும் அரைமணியிலேயே பத்தும் வந்துவிடும். பத்து வந்த பிறகும் அவன் எழுந்து போகமாட்டான்.

ஐந்து வாரம் ஓடியது. மாவுக்கட்டை அறுத்து எடுத்தபோது உள்ளேயிருந்து வெளுத்து மெலிந்த ஒரு கை வந்தது. டாக்டரம்மா விரல்களை மடக்கி நீட்டச் சொன்னார். பாதிதான் மடங்கியது. "போகப்போக வந்துடும். தினம் ஒரு பந்தை அமுக்கு." பிறகு வயிற்றைப் பார்த்தார். "தலை கீழே திரும்பியாச்சு. எடையும் நல்லா இருக்கு."

இசைப்பிரியா எழுந்திருக்கவில்லை. ஐந்து வாரமாக யாரிடமும் கேட்காததை இப்போது கேட்டாள்.

"அன்னிக்கு நான் இருபது நிமிஷம் உக்காந்துகினே இருந்தேனே மேடம்... அதுனால கொழந்தைக்கு எதுனா?"

டாக்டரம்மா பேனாவை மூடினார். "ஒண்ணும் ஆகலைம்மா. ஸ்கேன்லயும் பாத்தாச்சு, வளர்ச்சியிலயும் பாத்தாச்சு. உன் புள்ளைக்கு அன்னிக்கு நடந்தது ஞாபகம்கூட இருக்காது. நீ எதுக்குச் சுமக்கறே?"

வெளியே வந்ததும் அவளுக்குப் பசித்தது. அகோரப் பசி. மெயின் பஜாரில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து மசால் தோசை சொன்னார்கள். வழக்கம்போல அறிவுச்செல்வன் ஒரு விள்ளல் பிட்டு அவள் வாய்க்கு நேராக நீட்டினான்.

"கையை எடுங்க" என்றாள் இசைப்பிரியா.

விறைத்த விரல்களால் தானே பிட்டாள். உருளைக்கிழங்கில் பாதி தட்டிலேயே விழுந்தது. மீதியை வாயில் போட்டுக்கொண்டு, சட்னிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.