எழுபத்தெட்டாவது சுற்று

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் தங்கை, இசைப் பள்ளியில் தாளவாத்திய ஆசிரியை, அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறாள். மாணவர்கள் சிறப்பு மலர் போடுகிறார்கள். அதில் அவளைப் பற்றி நான் எழுத வேண்டுமாம்.

"ஒரே ஒரு பக்கம் அத்தான். பொய் நாலு வரிக்கு மேல போகக் கூடாது."

"நாலு வரியா? என் பேரைப் போடவே மூணு ஆகுமே!"

2

முதல் தொடக்கம்: "அவள் பெரிய முரசை அடித்தால் மூன்று தெரு தள்ளியிருக்கும் கண்ணாடிக் கடைக்காரர் கடவுளைக் கும்பிடுவார்."

[மனைவி படித்துவிட்டு, "ரெண்டு தெருன்னு போடுங்க, நம்புவாங்க" என்றாள்.]

இரண்டாவது: "செவ்வியல் மேடையில் முரசு. புதுவகை இசைக்காரர்கள் கூப்பிட்டாலோ பூந்தொட்டி, கார்ச் சக்கரத் தட்டு, தண்ணீர்க் கிண்ணம் என எதையும் பேசவைப்பாள். எங்கள் வீட்டுக் குக்கர் மூடி அவளோடு மூன்று நகரங்களில் கச்சேரி செய்துவிட்டுத் திரும்பியது. அதன்பின் அதற்கு அடுப்படி வேலை பிடிக்கவில்லை."

மூன்றாவது: "வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் அவள் தவறாக எண்ணி—"

இந்த வாக்கியத்தை நான்கு நாட்களாக முடிக்க முடியவில்லை.

3

அது ஏன் என்று சொல்ல, என் உத்தியோகத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு பெரிய வாத்தியக் குழுவில் நான் தாள் காப்பாளன். யார் எதை வாசிக்க வேண்டும் என்று எழுதிய தாள்களைப் பிரதியெடுப்பது, திருத்துவது, மேடையில் வைப்பது, கச்சேரி முடிந்ததும் திரும்ப எடுப்பது. (நான் இல்லாவிட்டால் நாற்பது பேரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். இதில் மிகை இல்லை.)

வயலின்காரருக்கு ஓயாத வேலை. முரசுக்காரிக்கோ எண்ணுவதுதான் வேலை. நான்கு எண்ணினால் ஒரு சுற்று. நான் சொல்லவந்த கச்சேரியின் புது இசையில் எழுபத்தெட்டுச் சுற்று அவள் சும்மா இருக்க வேண்டும். பிறகு எல்லோரோடும் சேர்ந்து ஒரே அடி. அதோடு இசை முடியும்.

அப்போது அவளுக்கு எங்கள் குழுவில் சோதனைக் காலத்தின் கடைசி வாரம். வேலை நிரந்தரமாகுமா என்பதை அந்தக் கச்சேரியில் பார்த்துத்தான் சொல்வார்கள்.

ஒத்திகையெல்லாம் முடிந்த பிறகு இசையமைப்பாளர் என் அறைக்கு வந்து, "ரெண்டு சுற்று வெட்டிடுங்க. நடத்துநர்கிட்ட சொல்லிட்டேன்" என்றார். திருத்திய எண்ணை நாற்பது காகிதத் துண்டுகளில் எழுதி, நாற்பது தாள்களில் ஒட்ட வேண்டும். முப்பத்தொன்பது ஒட்டினேன். முரசுத் தாள் மேடையில் இல்லை. பயிற்சிக்காக அவள் கூடவே கொண்டுபோயிருந்தாள். வரட்டும், ஒட்டலாம் என்று துண்டைச் சட்டைப் பையில் போட்டேன்.

பிறகு தேநீர் குடித்தேன். யாருக்கோ ஒரு கதை சொன்னேன். நல்ல கதை, எல்லோரும் சிரித்தார்கள்.

இசை முடிந்தது. எதிரே நின்று கையசைத்துக் குழுவை நடத்திய நடத்துநர் கையைத் தாழ்த்தினார். அரங்கம் மூச்சை அடக்கியிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இன்னொரு நான்கு. அவள் அடித்தாள்.

அந்தச் சத்தத்தை மட்டும் நான் ஒருநாளும் பெரிதாக்கிச் சொன்னதில்லை. முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு பலர்.

4

மறந்ததை மன்னிக்கலாம். அடுத்துச் செய்ததைக் கேளுங்கள். தாள்களைத் திரும்ப எடுப்பது என் வேலையல்லவா? அவள் தாளைத்தான் முதலில் எடுத்தேன், பிறகு சட்டைப் பையிலிருந்த துண்டை. பசை காய்ந்துகொண்டிருக்கும்போதே வந்து நின்றாள்.

"தாளைக் காட்டுங்க அத்தான்."

காட்டினேன். எழுபத்தாறு.

"ஐயோ... தாளைப் பார்க்காம மனப்பாடத்துல எண்ணிட்டேனே."

நான், "விடும்மா, யாருக்கும் நடக்கிறதுதான்" என்றேன்.*

* என் வாழ்நாளின் மிகச் சிறிய பொய். நாலு வரிகூட இல்லை.

வேலை போயிற்று. இசைப் பள்ளிக்குப் போனாள். பிறகு வந்த மேடைகளிலெல்லாம் கண்ணைத் தாளிலிருந்து எடுக்காமலே வாசித்தாள். அவள் வகுப்பறைச் சுவரில் ஒரே வாசகம்: மனதை நம்பாதே, தாளைப் பார். முப்பத்தோரு வருடமாகப் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே எண்ணுகிறார்கள்.

5

[இங்கே அவளை வில்லியாக்கலாமா என்று யோசித்தேன். கொஞ்சம் தலைக்கனம், கொஞ்சம் சிடுசிடுப்பு. எழுதிப் பார்த்தேன். பாத்திரம் ஒத்துழைக்கவில்லை.]

நேற்றுத் தொலைபேசியில் கேட்டாள்.

"எழுதியாச்சா?"

"குக்கர் மூடி வரைக்கும் வந்திருக்கேன்."

"அந்தக் கச்சேரியையும் போடுங்க."

"அது எதுக்கும்மா?"

"ஒளிக்காதீங்க அத்தான். அந்தத் தப்பாலதான் நான் வாத்தியாரே ஆனேன். பிள்ளைங்க தெரிஞ்சுக்கணும்."

6

முடிவு அ: அவள் கேட்டபடியே எழுதுகிறேன். எல்லோரும் கைதட்டுகிறார்கள். அவள் செய்யாத தவறு அவள் பெயரில் அச்சாகிறது.

முடிவு ஆ: இந்த ஆறு பகுதிகளையும் அப்படியே கொடுக்கிறேன். அவள் சரியாகத்தான் எண்ணினாள் என்று தெரிந்துகொள்கிறாள். பிறகு அந்தச் சுவரைப் பார்க்கிறாள்—

இதற்கு மேல் எழுத வரவில்லை. நாற்பது வருடம் மற்றவர்கள் எப்போது அடிக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்தவன் நான்.

மலரின் தாள்களை வாங்க நாளைக் காலையில் ஆள் வருகிறது. மேசைமேல் அவள் கேட்ட ஒரு பக்கம் இருக்கிறது. இழுப்பறையில் இது இருக்கிறது.

நீங்கள் இதை மலரில் படிக்கிறீர்களா, என் இழுப்பறையைச் சுத்தம் செய்யும்போது கண்டெடுத்தீர்களா? முடிவு என்ன என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். கண்டெடுத்தவர் என்றால், அவள் இன்னும் இருக்கிறாளா என்று முதலில் பாருங்கள்.