தும்மல் முதலில் வந்தது

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? அந்த வாரம் முழுக்க ஆபீஸ் நெட்வொர்க்காரரைப் போட்டு வறுத்தெடுத்துவிட்டேன்.

என் வேலை கிரேன் ஓட்டுவது. ஆனால் கிரேனில் ஏறுவதில்லை. கன்டெய்னர்களை அடுக்கும் களம் ஊருக்கு வெளியே இருக்கிறது. நான் ஊருக்குள், மாடியில், ஏசி அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். அங்கே கேமரா பிடிக்கும் படம் இன்டர்நெட் வழியாக இங்கே வரும். அதைப் பார்த்து லிவரை அசைத்தால் அங்கே இரும்புப் பெட்டி எழும்பும். கொஞ்ச நாளாகப் படம் திக்கித் திக்கி வந்தது. சிரித்த மனிதன் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பான். எரிச்சல் வராதா?

"கண்ணு ரெண்டும் பூத்துப்போச்சு சார். இதை ஒழுங்கா ஓட வைக்க முடியுமா, முடியாதா?"

"பார்க்கிறேன் மேடம்" என்றார், பாவம்.

மறுநாள் காலையில் படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. தூசி பறப்பதுகூடத் துல்லியமாகத் தெரிந்தது. ஆகா, இத்தனை நாள் இதைச் செய்ய என்ன கேடு என்று நினைத்துக்கொண்டேன்.

களத்தில் என் தம்பியும் இருந்தான். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பனான பிறகும் வீட்டில் அவனுக்கு வாலு என்றுதான் பெயர். கன்டெய்னரின் மூலைப் பூட்டுகளைக் கழற்றுவது அவன் வேலை. தொங்கும் பெட்டியின் பாதையில் யாரும் குறுக்கே போகக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். வாலு சுற்றுவானா? கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்குவான். பார்த்த மாத்திரத்தில் நான் நிறுத்துவேன். அவன் அண்ணாந்துகூடப் பார்க்காமல் கடந்துவிடுவான். எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். "நீ இருக்கும்போது எனக்கென்னக்கா?" என்பான். நானும் திட்டிவிட்டு, அவன் கையைத் தூக்கும்போதெல்லாம் நிறுத்திக்கொண்டுதான் இருந்தேன்.

அன்றைய முதல் பெட்டியைத் தூக்கி நகர்த்திக்கொண்டிருந்தேன். இன்டர்நெட்டைத் தொடாமல் நேராக வரும் வாக்கி டாக்கியில் வாலு பேசினான்.

"அக்கா, சாயந்தரம் சீக்கிரம் கிளம்பிடு. சின்னவன் உன்னைக் கேட்டுட்டே..."

பேச்சு முடியவில்லை. தும்மினான். அவன் தும்மினால் தெருவே திரும்பிப் பார்க்கும். திரையில் பார்த்தேன். வாலு நிமிர்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தான்.

பிறகுதான் திரையில் இருந்தவன் குனிந்து தும்மினான்.

நான் பார்ப்பது வாலுவை இல்லை. சற்று முன்னால் இருந்த வாலுவை.

"கடக்கிறேன்க்கா" என்றது வாக்கி டாக்கி.

திரையில் அவன் இன்னும் மூக்கைத்தான் துடைத்துக்கொண்டிருந்தான். கை எழும்பவே இல்லை. அங்கே எப்போதோ தூக்கியிருப்பான். தூக்கிவிட்டு நடந்துகொண்டிருப்பான்.

"நில்லுடா! வாலு, நில்லு!"

சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தேன். வாக்கி டாக்கியில் டமால் என்று ஒரு சத்தம். அப்புறம் வெறும் இரைச்சல்.

திரையில் பெட்டி நிற்கவே இல்லை, போய்க்கொண்டே இருந்தது. அதன் பிறகுதான் வாலு கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்கினான். பல்லைக் காட்டினான். நடக்க ஆரம்பித்தான். ஐயோ, எல்லாம் முடிந்துபோன பிறகு உட்கார்ந்து பார்க்கிறேன்! இனி எந்தப் பொத்தானை அடித்து என்ன? நடந்தது நடந்துவிட்டது, எனக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை. பெட்டி நின்றது. நின்ற வேகத்தில் ஊஞ்சல் மாதிரி வீசி அவனை மறைத்தது. மஞ்சள் ஹெல்மெட் மட்டும் தனியாக உருண்டு வெளியே வந்தது.

"வாலு... டேய்... பேசுடா..."

என் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை. நாற்காலியின் கைப்பிடியை விட முடியாமல் பிடித்திருந்தேன்.

"அக்கா..." இரைச்சலுக்குள் மூச்சு வாங்கியது. "விழுந்துட்டேன்க்கா. ஹெல்மெட்தான் போச்சு. நான் இருக்கேன்."

திரையில் அவன் இன்னும் தெரியவில்லை. குரலை நம்புவதா, கண்ணை நம்புவதா? அவன் ஊர்ந்து வெளியே வரும் வரை எனக்கு மூச்சே வரவில்லை.

நெட்வொர்க்காரர் கதவைத் திறந்தார். "படம் இப்ப நல்லா ஓடுதா மேடம்?"

"என்னய்யா பண்ணி வச்சிருக்கே?"

என் முகத்தைப் பார்த்து மிரண்டுவிட்டார். "முன்னாடி வழியில தொலைஞ்ச படத் துண்டுகளை விட்டுட்டு ஓடும், அதான் திக்குச்சு. இப்ப அதுங்க வர்ற வரைக்கும் காத்திருந்து, சேர்த்து வச்சிக் காட்டுது. திக்காம ஓடணும்னு நீங்கதானே..."

நான்தான் கேட்டேன். தொண்டை கிழியக் கத்திக் கேட்டேன்.

"திக்கட்டும்யா! துண்டு துண்டா வரட்டும்! இப்ப நடக்கிறதை இப்பவே காட்டு!" என்று அழுதேன்.

மதியம் கம்பெனி வண்டியில் வாலு என் ஆபீசுக்கு வந்து சேர்ந்தான். முழங்கையில் கட்டு. வாசலிலேயே பல்லைக் காட்டினான். எழுந்து போய்க் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டேன்.

"ஆ!" என்றான்.

உடனே.

அப்புறம்தான் அவனைக் கட்டிக்கொண்டேன்.