மினிஸ்டருக்கு வெறும் வயிறு

பெங்களூர் அல்சூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தில் பதினோரு வீடுகள். மினிஸ்டருக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்த மறுநாள் பார்த்தால், பதினோரு வீட்டிலும் ஆளுக்கொரு கால்நடை மருத்துவர் இருந்தார். கல்லூரி கட்டாமல், பரீட்சை வைக்காமல், ஒரே ராத்திரியில் இத்தனை டாக்டர்களை உண்டாக்கிய சந்து வேறெங்காவது இருந்தால் சொல்லுங்கள், நான் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறேன்.

மினிஸ்டர் யூஜின் வீட்டு நாய். பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது மடிந்திருக்கும். யூஜினுடைய மகன் எரிக் காலேஜ் படிக்கும்போது சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்த குட்டி. தினமும் எல்லா வாசலுக்கும் போகும், தலையைக் காட்டும், கொடுத்ததைத் தின்னும், ஒரு வேலையும் செய்யாது. கடைசி வீட்டில் சைக்கிள் திருடு போன அன்று, திருடனைத் தெருமுனை வரைக்கும் வாலாட்டிக்கொண்டே வழியனுப்பியது. அதற்குப் பிறகுதான் அந்தப் பெயர் நிலைத்தது.

இப்போது வயது பதின்மூன்று. இதயத்தில் ஒரு வால்வு கசிவு, சிறுநீரகம் அரை நாள் வேலை, பின்னங்கால் மூட்டில் வாதம், இடது கண்ணில் புரை. பென்ஷன் ஒன்றுதான் வாங்கவில்லை. இதெல்லாம் போதாதென்று மண்ணீரலில் ஒரு எலுமிச்சம்பழ அளவுக் கட்டி.

டாக்டர் ஸ்ரீஹர்ஷா இளைஞர், மறைக்காமல் பேசுகிறவர். கட்டியை எடுக்கலாம், ஆனால் இந்த இதயத்துக்கு மயக்க மருந்து தாங்குமா என்பது பாதிக்குப் பாதி. தாங்கினால் இன்னும் ஆறேழு மாதம். எடுக்காமல் விட்டால் இரண்டு மாதமோ மூன்றோ, வலிக்கு மாத்திரை கொடுத்து ஓட்டலாம். யோசித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

யூஜின் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி அன்னா இறந்து மூன்று வருடம். அதிலிருந்து அந்த வீட்டில் அவரும் நாயும்தான். பக்கத்து வீட்டுக்காரி என்ற முறையில் என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, அவன் சாப்பிடறான், தூங்கறான், என்னைப் பாத்தா எழுந்து வர்றான். இவனைப் போய் கிழிக்கணுமா?"

"வேணாம்னு தோணினா வேணாம்னு சொல்லிடு."

"டாக்டர்கிட்ட சொல்லிடுவேன். எரிக்கிட்ட யாரு சொல்றது?"

அதுதான் விஷயம். எரிக் டொரோன்டோவில் இருக்கிறான். நல்ல பிள்ளை. நாயின் மேல் உயிர். அந்த உயிருக்கு நான்கு வருடமாக லீவு கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அம்மாவின் அடக்கத்தைக்கூட விசா சிக்கலில் ஃபோனில்தான் பார்த்தான். வீடியோவில் அவன் முகம் வந்தால் யூஜின் பனியனுக்கு மேல் சட்டை போட்டுக்கொள்வார். தீர்ப்புக் கேட்கப் போகிறவர் மாதிரி.

"டாடி, நோ டிஸ்கஷன். சர்ஜரி பண்றோம். மினி ஒரு ஃபைட்டர்" என்றான் எரிக்.

சைக்கிள் திருடனிடம் காட்டாத வீரத்தை மயக்க மருந்திடம் காட்டும் என்று பிள்ளைக்கு நம்பிக்கை. யூஜின், "சரிடா" என்றார். அவருக்கு மகனிடம் தெரிந்த ஒரே சொல் அது.

புதன்கிழமை காலை ஆபரேஷன் என்று முடிவாயிற்று. முதல்நாள் இரவு பத்து மணிக்கு மேல் சாப்பாடு கூடாது, விடிந்தபின் தண்ணீரும் கூடாது. எங்கள் சந்தைப் பற்றித் தெரிந்த யூஜின், செவ்வாய் சாயங்காலமே வீடு வீடாகப் போய்க் கும்பிட்டார்.

"நாளைக்கு அவனுக்கு ஆபரேஷன். தயவு பண்ணி யாரும் எதுவும் போடாதீங்க. ஒரு பருக்கைகூட."

எல்லோரும் தலையாட்டினார்கள். பெர்னதெத் எங்கள் பகுதி ஜெபக் கூட்டத்தின் தலைவி. "என்னண்ணா, இதுகூடத் தெரியாதா எங்களுக்கு?" என்று கோபித்துக்கொண்டாள்.

புதன் காலை ஆறு மணிப் பூசைக்கு யூஜின் கோவிலுக்குப் போய் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தார். நாயை வாசல் கேட்டுக்கு உள்ளே கட்டிவிட்டுப் போயிருந்தார். ஏழே காலுக்குத் திரும்பியபோது மினிஸ்டர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "பாத்தீங்களாக்கா, செபம் வேலை செய்யுது" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆட்டோவில் அதன் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமென்று என்னையும் கூட்டிப்போனார். கிளினிக்கில் எஃகு மேஜையின் மேல் தூக்கி வைத்தோம். முன்னங்காலில் மயிரை மழித்து ஊசி ஏற்ற இடம் பார்த்தார்கள். அப்போது மினிஸ்டர் ஒரு முறை இருமியது, இரண்டு முறை குலுங்கியது, பிறகு மேஜை முழுக்க வாந்தி எடுத்தது.

டாக்டர் ஸ்ரீஹர்ஷா அதைப் பார்த்தார். பிறகு யூஜினைப் பார்த்தார்.

"அங்கிள், ஊட்டா கொட்டிதீரா? சாப்பாடு போட்டீங்களா?"

"மாதா சத்தியமா இல்ல டாக்டர். நேத்து எட்டு மணிக்குக் கஞ்சி, அதோட சரி."

"இது கஞ்சியா?"

எனக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் யாருமில்லை, நானாகக் கற்றதுதான். ஆனால் அந்த மேஜையைப் படிக்க எழுத்தே தேவைப்படவில்லை. கடுகும் கொத்தமல்லியும் போட்ட தயிர்சாதம்: நாய்க்கு வைப்பதையும் தாளித்து வைப்பவர் எங்கள் சந்தில் வெங்கடசுப்ரமணியன் ஒருவர்தான். ஆட்டுக்கால் நரம்பும் மஜ்ஜையும்: புதன்கிழமையானால் விடிகாலையில் ஃபாத்திமா வீட்டில் பாயா. ரொட்டித்தூள் ஒட்டின மாட்டுக்கறித் துண்டு: பெர்னதெத்தின் கட்லெட். முழங்கால் வலி என்று அன்றைக்கு மட்டும் அவள் பூசைக்குப் போகவில்லை. ஒரு மேஜையில் இத்தனை மத நல்லிணக்கத்தை நான் எந்தப் பொதுக்கூட்டத்திலும் பார்த்ததில்லை.

ஓரமாக ஒரு மாரி பிஸ்கட்டும் கிடந்தது. அதைப் பற்றி நான் பேசவில்லை. ஒரே ஒரு பிஸ்கட் சாப்பாட்டில் சேராது என்று நினைத்துத்தான் கொடுத்தேன். எல்லோரும் அப்படி நினைத்துத்தான் கொடுத்திருக்கிறோம்: மற்றவர்கள் சொன்ன சொல் கேட்பார்கள், நாம் மட்டும் ஒரு கவளம். அதுவும் ஆபரேஷனுக்குப் போகிற உயிரை எப்படிப் பட்டினியாக அனுப்புவது?

"மயக்கத்துல இந்த வாந்தி வந்திருந்தா நுரையீரலுக்குள்ள போயிருக்கும் அங்கிள். அவ்வளவுதான்" என்றார் டாக்டர். "இன்னிக்கு பேடா, வேணாம். வெள்ளிக்கிழமை வாங்க."

யூஜின் நாயின் வாயைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்ததும் கேட்டார்.

"ஆபரேஷன் ஆனா எத்தனை நாள் டாக்டர் இங்க?"

"அஞ்சு நாள். ஹார்ட் இருக்கே, ஐசியூவில வைக்கணும்."

"நான் கூட இருக்கலாமா? ஒரு ஸ்டூல் போதும்."

"இன்ஃபெக்‌ஷன் ஆகும் அங்கிள். தினம் சாயங்காலம் பத்து நிமிஷம், கண்ணாடிக்கு வெளிய நின்னு பாக்கலாம்."

யூஜின் கைக்குட்டையை நான்காக மடித்தார். அன்னாவுக்கும் ஆபரேஷன் நடந்தது. அவளுக்கு வேண்டாமென்று அவர்கள் இருவருமே நினைத்தார்கள். செய்தே ஆக வேண்டுமென்று எரிக் ஃபோனில் சொன்னான், இவர் "சரிடா" என்றார். அதற்குப் பிறகு பத்தொன்பது நாள், தினம் பத்து நிமிஷம், கண்ணாடிக்கு வெளியே நின்றார். உள்ளே வாயில் குழாயோடு அன்னா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபதாம் நாள் பார்க்கவில்லை.

"வேணாம் டாக்டர்" என்றார்.

"வெள்ளிக்கிழமை வேணாமா? சனிக்கிழமை..."

"எந்தக் கிழமையும் வேணாம். வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். பிறகு சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். என்ன கொடுக்கலாம், எப்படி மூச்சு வாங்கினால் கூப்பிட வேண்டும், வலி மாத்திரைக்கு அடங்காமல் போனால் வீட்டுக்கே வந்து ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்கவைக்கிறேன் என்று, எல்லாம் நிதானமாகச் சொன்னார். அந்த ஒரு டாக்டர் பேசினதுதான் எனக்கு டாக்டர் பேச்சாகத் தெரிந்தது. மற்ற டாக்டர்கள் எல்லோரும் சந்தில் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"வேணாம்னுட்டீங்களா?" என்றாள் பெர்னதெத். "உயிரை எடுக்க நாம யாருண்ணா?"

"காலைல கட்லெட் போட்டது யாரும்மா?"

"கட்லெட்டா? சின்னத் துண்டு. அவன் கேட்டான், போட்டேன்."

"நான் பாயா கொடுக்கவே இல்லை அங்கிள், வெறும் எலும்புதான்" என்று ஃபாத்திமா கேட்காமலே சொன்னாள்.

வெங்கடசுப்ரமணியன் கண்ணாடியைக் கழற்றினார். "மிஸ்டர் யூஜின், தயிர்சாதம் வயித்துக்குக் குளிர்ச்சி. அது விஷயம் வேற. ஆனா சயன்ஸ் இவ்வளவு வளர்ந்த காலத்துல ஆபரேஷனே வேண்டாம்கிறது கொலைக்குச் சமம்."

கொலைகாரர் நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

சாயங்காலம் எரிக் கூப்பிட்டான். நான் ரசம் கொடுக்கப் போயிருந்தேன். யூஜின் பனியனோடு உட்கார்ந்திருந்தார். சட்டையை எடுக்கவில்லை.

"எப்படி ஆச்சு டாடி? முழிச்சிட்டானா?"

"ஆபரேஷன் பண்ணல."

"தள்ளிப் போட்டாங்களா?"

"இல்லடா. நான் வேணாம்னுட்டேன். இனிமேலும் பண்ண மாட்டேன்."

"என்ன டாடி இது? இவ்வளவு ஈஸியா கிவ் அப் பண்ணுவீங்களா? அம்மான்னா இப்படி விட்டிருப்பீங்களா?"

ரசப் பாத்திரத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். யூஜின் குரல் உயரவே இல்லை.

"விட்டிருக்கணும்டா. ஆபரேஷனுக்கு முன்னாடியே, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு உங்கம்மா என் கையைப் பிடிச்சு கேட்டா. உன்கிட்ட சொல்லப் பயந்துட்டு நான் அங்கயே விட்டுட்டு வந்தேன். தப்பு உன்மேல இல்ல, என்மேல. அதை ரெண்டாவது தடவை பண்ண மாட்டேன்."

எரிக் படத்திலிருந்து விலகினான். வெறும் சுவரும் ஒரு காலண்டரும் தெரிந்தன. நெட் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். ரொம்ப நேரம் கழித்துக் குரல் மட்டும் வந்தது.

"மாத்திரை எத்தனை வேளை?"

"காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"எப்படிக் கொடுப்பீங்க? துப்பிடுவானே."

"இட்லிக்குள்ள வச்சுக் கொடுக்கணும். நீ சொல்லிக் கொடுத்ததுதான்."

"ம்" என்றான்.

அதற்குப் பிறகு ஒன்பது வாரம். தினமும் கூப்பிட்டான். நாயைக் காட்டச் சொல்வான், யூஜின் ஃபோனைத் தரையில் வைப்பார், மினிஸ்டர் திரையை நக்கும். ஏரிப் பக்கம் போகிற நடை தெருமுனையோடு நின்றது, பிறகு கேட்டோடு, பிறகு கட்டில் பக்கத்துச் சாக்கோடு. வலி என்று ஒரு நாள்தான் முனகியது. அன்றே டாக்டர் வந்து மருந்தை மாற்றினார்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இறந்தது. சந்து முழுக்க வந்தது. ஃபாத்திமா அழுதாள். பெர்னதெத் மாலை வாங்கிவந்தாள். வெங்கடசுப்ரமணியன் யூஜினின் தோளில் கையை வைத்து, ஆபரேஷன் செய்திருந்தால் இந்நேரம் ஓடிக்கொண்டிருக்கும் என்று ஆறுதல் சொன்னார். இப்படி ஆறுதல் சொல்லவும் ஒரு படிப்பு வேண்டும்.

எல்லோரும் போனபிறகு யூஜின் மகனைக் கூப்பிட்டார். அங்கே விடிகாலை.

"போயிட்டான்டா."

"எங்க இருந்தான் டாடி?"

"வீட்லதான். என் கட்டில் பக்கத்துல."

"நீங்க?"

"பக்கத்துலயே உக்காந்திருந்தேன். கை அவன் கழுத்து மேலதான் இருந்துச்சு."

எரிக் ஃபோனை வைக்கவில்லை. இவரும் வைக்கவில்லை. நான் கொண்டுபோன காப்பி ஆறுகிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.