பிறந்தநாள் மேசை

போர்க்காலப் பங்கீட்டில் சர்க்கரைக்கு முத்திரைப் புத்தகம் வந்த நாளிலிருந்து ஹில்மா சாண்ட்குவிஸ்ட் தன் காபியில் சர்க்கரை போட்டுக்கொண்டதில்லை. வீட்டில் மற்றவர்களையும் போட விட்டதில்லை. அப்படி மிச்சம் பிடித்த சர்க்கரைதான் அந்த வெள்ளிக்கிழமை வில்லோ பெண்ட் ரயிலடியில், பிறந்தநாள் மேசையின் நடுவில், வெள்ளைப் பூச்சோடு கேக்காக உட்கார்ந்திருந்தது. வெண்ணெய்தான் கிடைக்கவில்லை. அரசாங்கம் நிர்ணயித்த விலையை மளிகைக்கடைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள். விலை இருந்தது, வெண்ணெய் இல்லை. பன்றிக்கொழுப்பை வைத்துச் சமாளித்திருந்தாள்.

உலகப் போர் வந்தாலும் வந்தது, அமெரிக்காவில் நெப்ராஸ்காவின் நட்டநடுவில் கிடந்த அந்தச் சின்ன ஊருக்கு ஒரு வேலை வந்து சேர்ந்தது. போருக்குப் பையன்களை ஏற்றிக்கொண்டு போகும் ரயில்கள் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க அங்கே பத்து நிமிடம் நிற்கும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஊர்ப் பெண்கள் காபி, முட்டை சாண்ட்விச், சோளப்பொரி உருண்டை, பழைய சினிமாப் பத்திரிகை எல்லாம் கொடுத்தாக வேண்டும். அன்றைக்குப் பிறந்தநாள் என்று எவனாவது சொன்னால் அவனுக்கு ஒரு முழுக் கேக். அவன் பெயரைச் சொல்லி பிளாட்பாரமே பாடும். வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு கூட்டத்தின் பொறுப்பு. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு ஹில்மாதான் தலைவி. பிறந்தநாள் மேசையும் அவளுடையதே.

முந்தின இரவு சிகாகோவிலிருந்து மகன் டுவெய்ன் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தான். எடுத்தவள் மகள் லோயிஸ்.

"என்னடி சொன்னான்? ஒரு வார்த்தை விடாம சொல்லு."

"எத்தனை தடவைம்மா சொல்றது? நாளைக்கு நம்ம ஊர் காபி குடிப்பேன்னு சொன்னான். அதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சு."

"என்னைக் கேட்டானா?"

நைலான் காலுறை எந்தக் கடையிலும் இல்லாத காலம். லோயிஸ் வெறுங்காலில் புருவமையால் கோடு இழுத்து, காலுறை போட்ட மாதிரி காட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கோட்டைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டு சொன்னாள்: "கேக்கறதுக்குள்ளதான் கட்டாயிடுச்சும்மா."

மார்ச் மாதம், பதினேழு வயதில், டுவெய்ன் கடற்படையில் சேர்ந்தான். பண்ணைக் குளத்தைத் தவிர வேறு தண்ணீரைப் பார்த்தறியாத பையன். பதினேழு வயதென்றால் பெற்றவர் கையெழுத்து வேண்டும். ஹில்மா மாட்டேன் என்றாள். அவள் கணவன் கையெழுத்துப் போட்டுவிட்டான். பையன் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அவள் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தது. "அந்தக் கதவைத் தாண்டினா திரும்பி வராதே" என்றாள். அவன் ஒரு நிமிடம் நின்று அவளைப் பார்த்தான். பிறகு தாண்டினான். வழியனுப்ப அவள் ரயிலடிக்குப் போகவில்லை.

போருக்குப் போகிற பிள்ளைக்குப் பெற்றவள் சொல்கிற வார்த்தையா அது? கடிதம் எழுத உட்காருவாள். மாடு கன்று போட்டதை எழுதுவாள், முட்டை விலை ஏறினதை எழுதுவாள். அந்த வார்த்தை தப்பு என்று மட்டும் எழுதப் பேனா ஓடாது. எழுதிவிட்டால் அது இன்னும் கொஞ்சம் நிஜமாகிவிடும் என்று பயம். நேரில் பார்த்துத்தான் அதைத் திரும்ப வாங்க வேண்டும். அவன் சமுத்திரத்துக்குப் போகுமுன் இந்தப் பத்து நிமிடம்தான் இருக்கிறது. இதையும் விட்டால் அந்த வார்த்தை அவனோடு கப்பலேறிவிடும்.

"காபி அடுப்புல ஏறியாச்சு!" என்று ஸ்டேஷன் ஏஜெண்ட் குரல் கொடுத்தார். ராணுவ ரயில் வரும் நேரத்தை வெளியே சொல்லக் கூடாதென்று உத்தரவு. அதனால் ஊரே இப்படித்தான் சொல்லிக்கொண்டது. பெண்கள் அவரவர் மேசைக்கு ஓடினார்கள்.

ஹில்மாவுக்குப் பக்கத்து மேசையில் காபி ஊற்றுகிறவள் ஓபல் டீகன். ஹில்மா அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பும் தைரியம் ஜூன் மாதத்திலிருந்து அவளுக்கு இல்லை.

ஹில்மா போட்ட சட்டம் ஒன்று இருந்தது. சொந்தப் பிள்ளையே வந்து இறங்கினாலும் சரி, ரயில் நிற்கும்போது மேசையை விட்டு யாரும் நகரக் கூடாது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒருமுறை நாலு பேர் தங்கள் பிள்ளைகளைத் தேடி ஓடி, ஒரு பெட்டி நிறையப் பையன்கள் வெறும் வயிற்றோடு போய்விட்டார்கள். ஆனால் ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஓபல் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பெட்டியில எங்க ரே மாதிரி ஒருத்தன் தெரியறான், ஹில்மா" என்றாள். ஹில்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மாதிரி இருக்கறவன் எல்லாம் ரே ஆயிடுவானா? வரிசை நிக்குது பாரு, ஊத்து" என்றாள். ஓபல் ஊற்றினாள்.

அது ரேதான், ஓபலின் மகனேதான். உன்னைப் பார்த்தேன் அம்மா, கூப்பிட்டேன், நீ குனிந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தாய் என்று பிறகு பசிபிக்கிலிருந்து எழுதியிருந்தான். அதை ஓபலே, முகத்தில் எதையும் காட்டாமல், ஹில்மாவிடம் சொன்னாள். அதற்கப்புறம் தேவைக்கு மேல் ஒரு பேச்சுப் பேசியதில்லை. ஒரு வெள்ளிக்கிழமைகூட வராமல் இருந்ததுமில்லை.

ரயில் வந்து நின்றது. கதவுகள் திறந்ததும் கடற்படைப் பையன்களின் வெள்ளைத் தொப்பிகள் கொட்டின. ஒருத்தன் பிளாட்பாரத்தின் ஓரத்தில் கிடந்த பழைய பியானோவில் போய் உட்கார்ந்து தடதடவென்று வாசிக்க, இரண்டு பேர் லோயிஸை ஆட இழுத்தார்கள். பத்திரிகை அட்டையில் நீச்சலுடைக்காரி இருந்த இதழுக்கு நாலு பேர் அடித்துக்கொண்டார்கள். ஹில்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாரும் ஒரே உடை, ஒரே மொட்டைக் கிராப்பு. பெற்ற பிள்ளையைக் கண்டுபிடிக்க முடியாமல் போய்விடுமோ என்று அவளுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது.

"யாருக்காவது இன்னைக்குப் பிறந்தநாளா?" என்று வழக்கம்போல் கூவினாள். இந்த மேசையில் அம்மா நிற்பாள் என்று டுவெய்னுக்குத் தெரியும். போவதற்கு முந்தின வாரம்வரை இந்த மேசைக்குக் கேக் சுமந்து வந்தவனே அவன்தான். தெரிந்தும் வரவில்லை என்றால் வர மனமில்லை என்றுதானே அர்த்தம்?

தண்ணீர்க் குழாயிலிருந்து நீர் கொட்டும் சத்தம் நின்றது. பாதி நேரம் போய்விட்டது.

அப்போது செம்பட்டைத் தலையோடு நெடுநெடுவென்று ஒருத்தன் மேசைமுன் வந்து நின்றான். "எனக்குப் பிறந்தநாள், அம்மா" என்றான். கண் கேக்கின்மேல் இல்லை, அவள் முகத்தின்மேல் இருந்தது.

"கேக்கைப் பாத்தா எல்லாருக்கும்தான் பிறந்தநாள் வருது. என்ன தேதி இன்னைக்கு? சொல்லு பாக்கலாம்."

அவன் சிரித்துவிட்டான். "கேக்கை உடனே குடுக்க மாட்டாங்க, குறுக்குக் கேள்வி கேப்பாங்க, அவங்கதான் எங்கம்மான்னு சொல்லியனுப்பிச்சான். சரியாத்தான் இருக்கு."

ஹில்மா மேசைமேல் சாய்ந்து முன்னால் வந்தாள். "யாரு சொன்னது?"

"டுவெய்ன். அவன் பிறந்தநாள் பிப்ரவரியிலயாமே. கடைசிப் பெட்டியில இருக்கான். நேத்து ராத்திரி ரயில்லயே பொன்னுக்கு வீங்கி வந்துடுச்சு, கன்னம் ரெண்டும் இந்தா இவ்வளவு. ஆறு பேரை உள்ள போட்டுப் பூட்டி வச்சிருக்காங்க. இறங்க விடல. பிறந்தநாள்னு சொல்லி அந்த மேசைக்குப் போடான்னு கெஞ்சினான்."

கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டி, தானியக் கிடங்கின் அருகில் நின்றது. ஹில்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எதிரே வரிசை நின்றது. அவளுடைய சட்டமும் நின்றது. தன்னை அறியாமல் பக்கத்து மேசையைப் பார்த்தாள். ஓபல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"யாரும் நகரக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு?" என்றாள் ஓபல், காபி ஊற்றுவதை நிறுத்தாமல்.

அடித்திருந்தால்கூட ஹில்மாவுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"நான்தான்" என்றாள்.

இன்ஜின் ஒருமுறை கூவியது. பையன்கள் கோப்பையை வைத்துவிட்டுப் பெட்டிகளுக்கு ஓடத் தொடங்கினார்கள். ஓபல் கெட்டிலோடு இடம் மாறி ஹில்மாவின் மேசைக்குப் பின்னால் வந்து நின்று, இடுப்பால் அவளை ஓர் இடி இடித்தாள். "அப்புறம் என்ன மரம் மாதிரி நிக்கறே? போ! கேக்கை எடுத்துக்கிட்டு ஓடு!"

ஹில்மா ஓடினாள். ஐம்பதை நெருங்கிய, முழங்கால் வலிக்காரி, முழுக் கேக்கை மார்போடு அணைத்துக்கொண்டு சரளைக்கல்லில் ஓடினாள். ஒரு செருப்பு கழன்று போனது. கடைசிப் பெட்டியின் படியில் நின்ற காவலாள் கையை நீட்டி மறித்தான்.

"பக்கத்துல வராதீங்க, தொத்திக்கும்!"

"எனக்கு ஏழு வயசுலயே வந்து போயாச்சு. தள்ளுப்பா!"

மூன்றாவது ஜன்னலில் பூசணிக்காய்போல் ஒரு முகம் தெரிந்தது. கண்ணை வைத்துத்தான் அடையாளம் கண்டாள். ஜன்னல் துருப்பிடித்து இறுகி, ஒரு சாண் அகலத்துக்குமேல் ஏற மறுத்தது. கேக் அதில் நுழையாது. அவள் யோசிக்கவில்லை; வெள்ளைப் பூச்சுக்குள் விரல்களை விட்டு, பிய்த்துப் பிய்த்து உள்ளே கொடுத்தாள். அவன் வாங்கி வாங்கிப் பின்னால் நின்றவர்களுக்குக் கொடுத்தான்.

"சர்க்கரை போட்டதா, இல்ல அந்தச் சோளப்பாகா?" என்றான். வாய் சரியாகத் திறக்கவில்லை.

"சர்க்கரைடா. எல்லாம் சர்க்கரை."

"என் பங்கையும் சேத்துத்தானே?"

"கழுத்துல துணி சுத்திக்கோ. புளிப்பா எதையும் தின்னாதே. எலுமிச்சைச் சாறு குடுத்தா வேண்டாம்னு சொல்லு, தாடை இழுக்கும்." என்னென்னவோ வந்தது. மாடு வந்தது, அப்பாவின் முதுகுவலி வந்தது. வர வேண்டியது மட்டும் வரவில்லை. பெட்டி ஓர் இழுப்பு இழுத்தது. அவன் விரல்கள் அவள் கையிலிருந்து நழுவின.

அவள் கூடவே நடந்தாள், பிறகு ஓடினாள். கையில் மிச்சமிருந்த கேக் கீழே விழுந்தது.

"டுவெய்ன்! அன்னைக்கு நான் சொன்னது தப்புடா! திரும்பி வா! கேட்டுதா? திரும்பி வந்துடுடா!"

சக்கரச் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கியது. ஜன்னலின் ஒரு சாண் இடைவெளியில் ஒரு கை வந்தது. வெள்ளைப் பூச்சு அப்பிய கை. அது ஆடிக்கொண்டே போய், தானியக் கிடங்கின் வளைவில் மறைந்தது. அவனுக்குக் கேட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு ஹில்மா திரும்பி வந்தபோது மேசைகள் காலியாகி இருந்தன. ஓபல் இரண்டு மேசைகளின் கோப்பைகளையும் தனியாகவே கழுவிக்கொண்டிருந்தாள். ஈரத்துணி ஒன்றை எடுத்து ஹில்மாவிடம் நீட்டினாள்.

"சொல்ல வேண்டியதைச் சொன்னியா?"

"கத்தினேன்."

ஓபல் தலையை ஆட்டினாள். ஹில்மா விரல் இடுக்குகளைத் துடைத்தாள். சர்க்கரை பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு போக மறுத்தது. துணியைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அன்னைக்கு நான் உன்னைப் போக விட்டிருக்கணும், ஓபல்."

பரவாயில்லை என்று ஓபல் சொல்லவில்லை. கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கறை போகாததால் மறுபடியும் தண்ணீரில் முக்கினாள்.

"ஆமா," என்றாள். "விட்டிருக்கணும்."

ஏஜெண்ட் ஜன்னலைத் திறந்து, காபி மறுபடியும் அடுப்பில் ஏறியாயிற்று என்று கூவினார். இருவரும் அவரவர் மேசைக்குப் போனார்கள். பிறந்தநாள் மேசையில் கேக் இல்லை. ஹில்மா அதைப் பக்கத்து மேசையோடு இழுத்துச் சேர்த்துப் போட்டாள். என்றைக்காவது ரே திரும்பி வந்து ஓபல் ஓட வேண்டி வந்தால், கெட்டில் தன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.